பின்சுவர்

சுனாமி வீட்டுத் திட்டத்தில்
ஆள் குடியேறாத பதினேழாம் இலக்கம்.
சொந்தக்காரர் கட்டாரில்.
படம் முழுக்க அந்த ஒரு வீடுதான்.

கலியாணங்களுக்கு ஓடிக் களைத்த கமரா,
ஒரு லைட், அதன் முகத்தில் பட்டத்தாள்,
ஜெனரேற்றருக்கு எண்ணெய் அடிக்க
நிப்றாஸ் அடகு வைத்த ஒரு சோடிக் காப்பு.
யாருடையதென்று நாங்கள் கேட்கவில்லை.

எனக்குச் சுவர்.
பெரியகல்லாற்றுச் சந்தியில் போர்ட் எழுதுகிறவன் நான்,
உரக்கடை, பல் வைத்தியர், மரண அறிவித்தல்.
கதையில் நீர்ப்பாசனத் திணைக்களத்து முன்னாள் கிளாக்கர் ஒருவர்
ஆற்றுவாய் உடைத்த நாட்களையெல்லாம் சுவரில் எழுதி
அடுத்தது எப்போதென்று கண்டுபிடிக்கப் போகிறார்,
சோற்றை விட்டு, குளிப்பை விட்டு,
கடைசியில் மனுசியையும் விட்டு.

"என்ன எண் எழுத?" என்றேன்.
"கைக்கு வாறத எழுதுங்க, ஆரு வாசிக்கப் போறா?
பின்னால மங்கலாத்தான் தெரியும்."

கைக்கு வருவது அவ்வளவு லேசில்லை.
முதல் இரவு என் அடையாள அட்டை இலக்கம் வந்தது,
பிறகு கரண்ட் பில்,
பிறகு இப்போது வேலை செய்யாத ஒருத்தியின் போன் நம்பர்.
மூன்றாம் இரவு எல்லாம் தீர்ந்தது.
அதன்பின் வந்தவை எங்கிருந்து வந்தனவோ,
நுளம்புத்திரி நாலு எரிந்து முடியுமட்டும்
இனாமல் மணத்தில் நின்று எழுதினேன்.

நடித்தவர் அழகரெத்தினம் சேர்.
களுவாஞ்சிக்குடியில் கணக்குப் படிப்பிக்கிறவர்.
சம்பளம் வேண்டாம், மத்தியானம் மீன்குழம்பு போதும் என்றவர்.
வசனம் மறப்பார், சுவரைப் பார்க்க மறக்கமாட்டார்.
கட் சொன்ன பிறகும் பார்த்துக்கொண்டே நிற்பார்.
நிப்றாஸ் அதைக் கண்டு
கமராவை நிறுத்தாமல் விட்டான்.
படத்தின் நல்ல இடங்கள் எல்லாம்
அப்படிக் களவாய் எடுத்தவை.

கல்லடியில் ஒரு மண்டபத்தில் போட்டோம்.
நாற்பத்தொரு பேர், அதில் ஆறு குழந்தைகள்,
ஒரு குறட்டை.
எல்லோரும் சேரின் முகத்தைப் பார்க்க
நான் என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்திரண்டாம் நிமிடம்.
ஜன்னலுக்கு இடப்பக்கம், மேலிருந்து ஏழாம் வரி.
நான் எழுதிய நாலு
ஒன்பதாய் இருந்தது.

என் ஒன்பதுக்கு வால் வளையும்.
இதற்கு வளையவில்லை.

பென் டிரைவில் வாங்கிவந்து
நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
ஒன்றல்ல. பதின்மூன்று இடம்.

சைக்கிளில் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது.
சேர் வாசலுக்கு வந்தார், விரலெல்லாம் சோக்.
"அது பிழையாக் கிடந்தது தம்பி."
"நான் சும்மா எழுதினது சேர்,
சரியே இல்லாத இடத்தில பிழை எங்கால?"
பின்வாங்கில் இருக்கும் ஒருவனைப் பார்ப்பதுபோல
கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார்.
"பதின்மூண்டுதான் பிழை" என்றார்.
"மிச்சமெல்லாம் சரி."

இப்போது மழை.
வாவி ஏறிப் பனங்கூடல் வரைக்கும் வந்துவிட்டது.
பெக்கோ கொண்டு ஆற்றுவாய் வெட்டக்
கச்சேரியில் கூட்டமாம். திகதி இன்னும் வரவில்லை.

கட்டாரில் இருந்து வெள்ளை அடிக்கக்
காசு வந்து ஒரு கிழமை.
வாளியும் பிறஷ்ஷும் பதினேழாம் இலக்கத்தில் கிடக்கின்றன,
மூடி திறக்காமல்.
நானும் அங்கேதான்.
ஏழாம் வரியிலிருந்து கீழே வந்துகொண்டிருக்கிறேன்,
ஒருக்கா நுளம்புத்திரி வாங்க மட்டும் வெளியே போனேன்.

பின்னேரம் நிப்றாஸ் வந்தான்.
வாசலில் நனைந்தபடி நின்று பார்த்தான்.
சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.
தோளில் இருந்து பையை இறக்கி
மெதுவாக, சத்தம் கேட்காமல்
சிப்பைத் திறக்கிறான்.