மிச்சக் கோணம்

வெள்ளக்கோவிலுக்கு மேற்கே
இட்டேறி முடிகிற இடத்தில் அந்தக் கொறங்காடு.
மூணு மூலை, மூணு கல்.
முதல் கல்லில் அறுபத்தெட்டு டிகிரி.
முக்காலியைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் கல்லுக்குப் போனேன்.
முதல் கல்லில் கோல் பிடித்து நின்றவர்
மூத்தவர் சென்னியப்பன்,
தலையில் ஈரத்துண்டு.
எழுபத்து மூன்று.

மூன்றாம் கல் கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம்,
மேட்டில் வெள்ளையாய்த் தெரிந்தது.
படலுக்குப் பூட்டு. உள்ளே செவலை நாய்.
"தங்கச்சி விடமாட்டாளுங்" என்றார் இளையவர்.

விடாவிட்டால் என்ன.
அறுபத்தெட்டும் எழுபத்து மூன்றும்
நூற்று நாற்பத்தொன்று,
நூற்றெண்பதில் அது போக முப்பத்தொன்பது.
படலுக்கு வெளியே நின்றே எழுதிவிட்டேன்.
ஏழாம் வகுப்பிலிருந்தே எனக்கு இது பிடிக்கும்:
கால் வைக்காத மூலையும்
கணக்குக்கு வந்துவிடும்.

"உள்ள வராமயே எப்படிங் எழுதுனீங்க?"

தெய்வாத்தாள். இடுப்பில் ஒரு கட்டு வேலந்தழை.
மூன்றும் சேர்ந்தால் நூற்றெண்பதுதாங்க, என்றேன்,
இரண்டு தெரிந்தால் போதும்,
மூன்றாவது மிச்சம்.

தழையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.
"ரெண்டு பேரு எடுத்தது போக மூணாவதுக்கு மிச்சம்.
இதை எங்கண்ணனுங்க
மெசினு இல்லாமயே கண்டுபுடிச்சுட்டாங்களேங்."

பூட்டுத் திறந்தது.
"வந்து அளங்க. மிச்சமா எழுதாதீங்க."

நாய் குரைப்பை நிறுத்தவில்லை.
மட்டக்குமிழி நடுவுக்கு வர நேரம் பிடித்தது.
இந்த முறை முதல் கல்லில் கோல் பிடித்தவன்
என் உதவியாள் கோபிநாத்.
முப்பத்தொன்பது டிகிரி, இருபது நிமிடம்.
மறுபடி பார்த்தேன்.
அதே இருபது.

கூட்டினால் நூற்றெண்பதைத் தாண்டுகிறது.
எந்த முக்கோணமும் அப்படிச் செய்யாது.
சின்னப் பிசகென்றால் மூன்றாய்ப் பிரித்து
மூலைக்குக் கொஞ்சமாகக் கழிப்போம்,
அலுவலக வழக்கம் அது,
யாருக்கும் வலிக்காது.
ஆனால் இருபது நிமிடம்
இந்த நீளத்துக்கு
கிட்டத்தட்ட ஓரெட்டு.

குழலைக் கொஞ்சம் நகர்த்தி
முதல் கல்லைப் பார்த்தேன்.
கல்லை ஒட்டி கோபிநாத்தின் கோல்.
ஓரெட்டு தள்ளி
கொழுக்கட்டைப் புல் நசுங்கி
இரண்டு செருப்புத் தடம்,
நடுவில் கோல்முனை குத்திய குழி.
சென்னியப்பன் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

நோட்டில் எழுபத்து மூன்றை அடித்தேன்.
முக்காலியை மடக்கி
இரண்டாம் கல்லுக்கே நடந்தேன்.
பின்னாலேயே தெய்வாத்தாள்,
அவளுக்குப் பின்னால் நாய்.
படலை யாரும் சாத்தவில்லை.