பெயின்ற் வாளித் தேசி

முதலில் வெளிறியது கொழுந்துதான்.
நரம்பெல்லாம் பச்சை, இடையெல்லாம் மஞ்சள்,
வலையை விரித்துக் காயப்போட்டது போல.
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்
விடிந்து பொழுதுபடும் வரை
மற்றவர்களின் இரத்தத்தை எண்ணிவிட்டு வருகிறவள் நான்.
பார்த்த உடனே சொன்னேன்:
இரும்பு காணாது.

கிளினிக்கில் தந்த குளிசை
இரண்டு அட்டை அலுமாரிக்குள் மிச்சம்.
பிள்ளை பிறந்து நாலு வருசம்,
எறிய மனம் வரவில்லை.
இடித்துக் கரைத்து ஊற்றினேன், துருநிறத் தண்ணீர்.
வேலிக்கு மேலால் நிர்மலகாந்தன் எட்டிப் பார்த்து
"தேசியும் முழுகாமல் இருக்கோ?" என்றார்.

பத்து நாள். மஞ்சள் அசையவில்லை.

பிறகு யூரியா.
இதைச் சொல்ல வெட்கமாய் இருக்கிறது.
உரமே இல்லாமல் போன அந்தப் போகத்தில்
பரந்தன் கடை வாசலில் விடியப்புறம் நின்று
வெறுங்கையோடு வட்டக்கச்சிக்குத் திரும்பிய பிறகு
எங்கள் வீட்டுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது:
கிடைத்தால் வாங்கு, வாங்கினால் ஒளி.
கட்டிலுக்குக் கீழே அரைப் பை,
சுத்தியலால் உடைக்கும் அளவுக்கு இறுகி.
நெல்லுக்குக் கொடுக்க முடியாததை
ஒரு வாளி மண்ணுக்குக் கைநிறையக் கொடுத்தேன்.
வெள்ளிக்கிழமை
இன்னொரு கை.

ஞாயிறு காலை
இலை நுனியெல்லாம் கபிலம்,
அடுப்பில் காட்டி எடுத்தது போல.
வாளி விளிம்பில் வெள்ளையாய் ஒரு கோடு.
ஆய்வுகூடத்தில் செய்யவே கூடாத வேலை,
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
ஆனையிறவில் விளைகிற உப்பு எனக்குத் தெரியும்.
இது
என் கையால் விளைந்தது.

பின்னேரம் தேத்தண்ணிக்குக் கேத்திலைத் திறந்தேன்.
அடியில் சுண்ணாம்பு, ஓடு ஓடாய்.
அதே கிணறு. அதே தண்ணிதான்
தேசிக்கும் இவ்வளவு நாளும்.
மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை.
சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கிறது.
வாய்க்கு எட்டும் தூரத்தில் சோற்றை வைத்துக்கொண்டு
வேர் பட்டினி கிடந்திருக்கிறது,
நான் மேலே மேலே பரிமாறிக்கொண்டிருக்க.

வாளியைச் சரித்துப் பார்த்தால் ஒரே ஒரு துளை,
அதுவும் வேர் அடைத்தபடி.
ஆணியைப் பழுக்கச் சுட்டு
இன்னும் நாலு போட்டேன்.
ஐப்பசி மழை பிடித்தது. பீலிக்குக் கீழே பரல் நிரம்பியது.
கோப்பை கோப்பையாய் மழைத் தண்ணி ஊற்ற
அடியால் வந்தது சாயத் தேத்தண்ணி நிறத்தில்,
பிறகு வெளிர்ந்து,
பிறகு வெறும் தண்ணியாய்.

அதன் பிறகு ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும்.
அதுதான் பாடு.
கை அரிக்கும்.
அரைப் பை கட்டிலுக்குக் கீழே கிடந்து கூப்பிடும்.
கடைசியில் நிர்மலகாந்தனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்,
அவருக்கு இரண்டு ஏக்கர் வயல்.
சைக்கிளில் கட்டிவிட்டு
சுத்தியலையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.
இன்னும் திருப்பித் தரவில்லை.

எரிந்த நுனி எரிந்ததுதான்.
அதில் பச்சையைத் தேடிப் பயனில்லை.
நறுக்கவும் இல்லை.
பாதி இலை உயிரோடு இருக்கிறது,
அது தன் வேலையைச் செய்யட்டும்.

கார்த்திகை முடிகிற நேரம்
ஒரு கவட்டில் அரிசி அளவு முளை.
விரிந்தால் இரண்டு இலை,
நரம்பும் இடையும் ஒரே நிறத்தில்.

"இப்ப சாப்பாடு குடுப்பமா, அம்மா?"
மாசிக்குப் பிறகு, தேக்கரண்டியில் கால்வாசி, என்றேன்.
மகள் யோசித்தாள்.
சோற்றுக் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தாள்.
"எனக்கும் காணும்."

இன்னும் ஒரு பிடி
என் விரல்களுக்கிடையில் இருந்தது.
வெளியே பீலி ஒழுகிக்கொண்டிருந்தது.