நாற்பது பைட்

வேளச்சேரி, இரவு பதினொன்று.
ஷம்சீர் கடை பில் மெஷினுக்கு
எழுத்து தெரியாது, எண்தான்.
மூன்று லைப்ரரி பார்த்தாயிற்று.
ஒன்றை ஆறு வருடமாய் யாரும் தொடவில்லை.
ஒன்று படிக்கும், திருப்பி எழுதாது.
இன்னொன்றிடம் ஒரு டம்ளர் கேட்டால்
தண்ணி லாரியே தெருவில் வந்து நிற்கிறது.

கொத்து பரோட்டா: நாற்பது பைட்.
வரிக்கு முப்பத்திரண்டுதான் பிடிக்கும்.
கீழே மாஸ்டர் கல்லில் கொத்துகிறார்,
மேலே நான்.
'கொத்து பரோட' என்று வந்தது,
அப்புறம் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

ஷம்சீர் பில்லை விளக்கில் பிடித்துப் பார்த்தார்:
"புள்ளி எங்கே?"

அந்தப் புள்ளிக்கே மூன்று பைட்.
ஒன்றுதான் ஏறியிருந்தது.

யாரும் தொடாததையே எடுத்துக்கொண்டேன்.
எங்கே வெட்டுவது என்பதை மட்டும்
நானே எழுதினேன்,
பரோட்டா ஆறிய பிறகு.