அட்டை செருகப்படவில்லை

உலான்பாதரில் காலை ஆறு மணி. மைனஸ் முப்பத்து நாலு.
சாவியை அமுக்கினேன். வண்டி
கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

மூன்று நாளாகவே விளக்கு மங்கல்;
அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது.
துல்கூன் சுரங்கத்தில், ஷிஃப்ட் முடிய ஒன்பது நாள்.
மெக்கானிக்குக்குப் போன் போட்டால்
"உனக்கு முன்னால் பதினோரு வண்டி, அக்கா,
சாயங்காலம் பார்க்கலாம்" என்கிறான்.
எந்தச் சாயங்காலம் என்று நான் கேட்கவில்லை.

சரி.
ரிமோட்டின் வயிற்றைத் திறந்தால்
உள்ளே ஒரு நிஜச் சாவி ஒளிந்திருக்கிறது.
கதவு திறந்தது. ஆனால் பேட்டரி
இந்த மகராசிக்கு முன்னால் இல்லை, டிக்கியில்.
டிக்கியோ கரண்டில்தான் திறக்கும்.
கரண்டோ டிக்கிக்குள்.
பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவன்
எந்த ஊர்க்காரனோ,
அவன் குளிக்கும்போது வெந்நீர் நின்றுபோக.

பின்சீட்டை மடக்கினேன்.
இரண்டு கோட்டு, ஒட்டகக் கம்பளிக் காலுறை
எல்லாவற்றோடும் தவழ்ந்தேன்.
நாற்பத்தோரு வயதில், ரொட்டி ஆலைக் கணக்கர் ஒருத்தி
தன் காருக்குள்ளேயே திருடிபோல் நுழைந்தால்
எதிர்க் கட்டடத்து ஜன்னல்கள் என்ன நினைக்கும்?
நினைக்கட்டும். அவற்றின் கண்ணாடியிலும் பனி.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்
எந்த வீட்டிலும் வைத்த இடத்தில் இருப்பதில்லை.
எங்கள் வீட்டில் தையல் டப்பாவில் கிடந்தது.

முதலில் மைனஸைக் கழற்று.
மறக்காமலிருக்க உள்ளங்கையில் எழுதி வந்திருந்தேன்.
வெளியே மைனஸ், மூக்கு நுனியில் மைனஸ்,
மாசக் கடைசியில் வங்கிக் கணக்கிலும் அதுதான்;
கழற்ற முடிந்தது இது ஒன்றைத்தான்.

கம்பியில் நீல டேப் சுற்றியிருந்தது.
எனக்கு முன்னால் யாரோ. ஜப்பானில் எங்கோ.
இந்த டிக்கியில் முட்டி போட்ட இன்னொருவர்.
டேப்பின் கடைசி நுனியை
மறுபடி உரிக்க வசதியாக
மடித்து விட்டிருந்தார்.
அந்த மடிப்பைப் பார்த்தபடி
கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் இருந்துவிட்டேன்.
குளிர் அதற்கும் சேர்த்து வசூலித்துக்கொண்டது:
மரத்த விரலிலிருந்து நட்டு நழுவி
டிங், டிங்,
எங்கோ ஆழத்தில் ஒரு கடைசி டிங்.

நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதுவதற்கில்லை.

தெமூகேக்குப் போன்:
"ஃபிரிட்ஜ் கதவிலிருந்து காந்தம் ஒன்று கொண்டு வா."
பைஜாமாவுக்கு மேல் அப்பாவின் பூட்ஸ் மாட்டி
நாலு மாடி இறங்கி வந்தான்.
முதலில் கொண்டுவந்தது பிளாஸ்டிக் தர்பூசணி,
அது ஒரு குண்டூசியைக்கூடத் தூக்காது.
இரண்டாம் முறை, கோபியில் வாங்கிய ஒட்டகம்.
அதன் கழுத்தில் ஷூ லேஸைக் கட்டி
கிணற்றில் வாளிபோல் இறக்கினேன்.
வெறுங்கை. வெறுங்கை. யாருடையதோ ஒரு ஹேர்பின்.
நாலாவதில்
திமிலில் ஒட்டிக்கொண்டு வந்தது நட்டு.
பையன் கைதட்டவில்லை. "பள்ளிக்கு நேரமாச்சு" என்றான்.

நேற்றே சந்தையில் வாங்கிய பேட்டரி
(புதுசு என்று விற்றவன் சொன்னான்)
ராத்திரி முழுக்க ரேடியேட்டர் பக்கத்தில்
விருந்தாளிபோல் படுத்திருந்தது.
அதைக் குழந்தைபோல் போர்த்திக் கொண்டுவந்து வைத்தேன்.
இப்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.
ஒரு சின்னப் பொறி. உயிர் போய்த் திரும்பியது, எனக்கு.
டேப்பைச் சுற்றினேன். கோணல்தான்.
நுனியை மட்டும் மடித்துவிட்டேன்.

பட்டனை அழுத்தினேன்.
திரை விழித்தது. அந்தப் பெண் குரல்
ஜப்பானிய மொழியில், வழக்கம்போல் ஒரே வாக்கியம்.
மூன்று வருஷம் அதைக் காலை வணக்கம் என்று நினைத்து
பதில் வணக்கம் சொல்லிவந்தவள் நான்.
சப்போரோவில் படித்த என் நாத்தனார்தான்
வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்:
"சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை."
இந்த ஊரில் இல்லாத அட்டை,
இந்த ஊரில் இல்லாத சாவடி.

"இல்லைதான், அம்மா" என்றேன் அவளிடம்.
"உன் குரல் போதும்."

கடிகாரம் ஒரு மணி என்று காட்டியது.
எந்தப் பட்டன் என்று தெரியவில்லை.
இன்னும் ஐந்தரை மணி நேரம் முந்தித்தான் ஓட்டுகிறேன்.