முந்நூறு கிராம்

ஒட்டுசுட்டானில் இருந்து
கிரவல் பாதையில் ஒன்பது கிலோமீற்றர்.
என் பையில் பதினொரு பக்கப் படிவம்.
கடைசிப் பக்கத்தில்
நூற்றுக்கு எத்தனை என்று எழுத ஒரு பெட்டி.
பென்சில் கூடாதாம்.

மழலைச்சோலையின் சுவரில் நான்கு பலகைகள்.
கூரைக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று,
மலசலகூடத்துக்கு ஒன்று,
நாலாவது எதற்கென்பதை வெயில் தின்றுவிட்டது.
ரீச்சரின் சம்பளத்துக்குப் பலகை இல்லை.

கேள்வி மூன்று: பதிவேட்டில் பிள்ளைகள்?
இருபத்திரண்டு.
கேள்வி நான்கு: இன்று உணவு பெற்றவர்கள்?
தட்டுகளை எண்ணினேன். இருபத்தைந்து.
மறுபடி எண்ணத் தொடங்கியதும்
பவளராணி அகப்பையைக் கழுவப் போய்விட்டாள்,
ஏற்கெனவே கழுவிய அகப்பையை.

"அது வாடியில இருக்கிறவையின்ர பிள்ளையள்,"
என்றார் சுகிர்தமலர் ரீச்சர்.
"மணல் ஏத்த வந்த சனம். பத்திரம் ஒண்டும் கையில இல்லை,
பதிய ஏலாது.
படலையில நிண்டு பாக்கிற பிள்ளைக்கு
என்னெண்டு மிஸ் பதிவேட்டைக் காட்டுறது?"

இன்றைக்குப் பதினொரு முட்டை வந்தது,
ஆளுக்குப் பாதி என்ற கணக்கில்.
பவளராணி நூலால் அறுக்கிறவள்.
எட்டு முட்டையை இரண்டாக,
மூன்று முட்டையை மூன்றாக.
சின்னத் துண்டு யாருக்கு என்பது
நாளுக்கு நாள் மாறுமாம்.
அதற்கு அவளிடம் கொப்பி இல்லை,
ஆனால் பிழைக்காதாம்.

அடிக்குறிப்பு சொல்கிறது:
எண்ணிக்கை முரண்பட்டால் ஐந்து புள்ளி கழிக்கவும்.

நிறைக் கொப்பியைப் புரட்டினேன்.
குளம் வற்றும் மாதங்களில் எல்லாக் கோடும் சரிகிறது,
காலபோக நெல் வெட்டியபின் மெல்ல ஏறுகிறது.
துருசடியில் நட்ட அளவுகட்டையைப்
பிள்ளைகளின் உடம்பில் நட்டதுபோல.
நிலையத்தின் செயற்பாட்டினால் ஏற்பட்ட மாற்றம் என்ன?
ஆம், இல்லை, பகுதியளவில்.
குளத்துக்குப் பெட்டி இல்லை.

பிறகு தராசை வளையில் கொளுவினார்கள்.
நீலத் துணிக்குள் கால்களை நுழைத்து
பத்தரைக் கிலோவாக ஆடினாள் கம்சத்வனி.
ரீச்சர் எழுதினார்: பத்து கிலோ இருநூறு.
நான் நிமிர்ந்தேன்.

"தராசு முந்நூறு கூடக் காட்டும் மிஸ்.
சீனிப் பக்கற்றைக் கொளுவிப் பாத்தனாங்கள்.
மாசியில இருந்து எழுதி அனுப்பிறன்,
புதுசு வரும் எண்டவை."
கொப்பி ஓரத்தில் ஒவ்வொரு மாதமும் சிவப்பு மையில்
கழி முந்நூறு, கழி முந்நூறு.

கழித்தபின்
ஏழு பிள்ளைகள் கோட்டுக்குக் கீழே.
கழிக்காவிட்டால் இரண்டு.

போன கிழமை அடுத்த குளத்தடி நிலையத்தில்
எல்லாப் பிள்ளைகளும் பச்சைக்குள் நின்றார்கள்.
படம் எடுத்தேன், கைகொடுத்தேன்,
தொண்ணூற்றிரண்டு போட்டேன்.
அங்கேயும் இதே தராசு,
இதே லொறியில் வந்தது.

பேனை கையில் இருந்தது.
கூட்டினேன், முரண்பாட்டுக்குக் கழித்தேன்,
நிறைகுறைவுக்குக் கழித்தேன்,
அறுபத்தெட்டு வந்தது.
ரீச்சர் எட்டிப் பார்க்கவில்லை.
ஒரு பையனின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
பெட்டியை வெறுமையாகவே விட்டு
படிவத்தை மடித்தேன்.
மடிக்கவும் கூடாது என்றிருந்தது அதில்.

சந்திக் கடையில் ஸ்கூட்டியை நிறுத்தி
ஒரு கிலோ சீனி கேட்டேன்.
"வெள்ளையோ சிவப்போ அக்கா?"
எதுவெண்டாலும், நிறை சரியாயிருக்கவேணும் என்றேன்.
கடைக்காரப் பெடியன்
தன் தராசுத் தட்டைத் துடைத்துவிட்டு
என்னை ஒருமாதிரிப் பார்த்தான்.

அடுத்த குளத்தடிக்கு இன்னும் ஏழு கிலோமீற்றர்.
பன்னிரண்டு மணிக்கு அவர்கள் பூட்டிவிடுவார்கள்.