ஏழு ஓட்டு

மல்லேனஹட்டி எங்கள் ஊர்.
விலாசத்தில் பெங்களூர் என்று எழுதிக்கொள்ளலாம்,
பெங்களூர் பஸ் ஆனேக்கல்லோடு திரும்பிவிடும்.
குப்பை லாரி மட்டும் கடைசிவரை வரும்.

வாக்குச்சாவடி எண்பத்து மூன்று,
கன்னடப் பள்ளி, மேற்கு மூலை அறை.
கெம்பராஜு அண்ணனின் கட்சிக்கு நான் ஏஜென்ட்.
ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், இரண்டு வேளைச் சாப்பாடு,
ஒரு பெயர்ப் பட்டியல், ஒரு சிவப்புப் பேனா.

ஊர் எப்படிப் போடும் என்பது
ஊருக்குத் தெரியும்.
கோயில் தெரு அண்ணனுக்கு.
பால் சொசைட்டிக்குப் பின்னால் இருக்கும் வீடுகள்
அண்ணனின் மைத்துனருக்கு; அவர் வேறு கட்சி,
கல்யாணங்களில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை.
ரோஜா ஷெட்டில் வேலை செய்கிற எங்கள் தமிழ் லைன்
கடைசியாக யார் வந்தார்களோ அவர்களுக்கு.
அதனால் முந்தின ராத்திரி
இரண்டு மணிக்கு ஒரு ஜீப் வரும்,
மூன்றரைக்கு இன்னொன்று.
சாமி படத்தின் மேல் கை வைக்கச் சொல்வார்கள்.
குப்பாயி அக்கா தூக்கம் கலையாமலே வைப்பாள், இரண்டு முறையும்.
வாங்கிய சத்தியங்களைக் கூட்டினால்
ஆயிரத்து முந்நூறு வரும்.
பதிவானது எண்ணூற்றுப் பதினொன்று.

அண்ணனுக்கு நானூற்றுப் பன்னிரண்டு,
மைத்துனருக்கு முந்நூற்று அறுபத்தொன்று,
யாரும் வேண்டாம் என்று பதினெட்டு,
உதிரிகளுக்குப் பதின்மூன்று,
நகவெட்டிச் சின்னத்துக்கு ஏழு.

நகவெட்டி என்றால் பில்லாஞ்சினப்பா.
பட்டுக்கூடு சந்தையில் எடை போடுகிறவர்.
மொபெட்டில் மெகாபோன் கட்டிக்கொண்டு
பதினாறு நாளும் ஒரே வாக்கியம்:
நகரத்துக் குப்பையை நகரத்தில் கொட்டு, எங்கள் ஏரியில் கொட்டாதே.
மைக் இல்லாமலே கேட்கிற அளவு ஊர்தான்.

ஜெயித்த அன்று ராத்திரி
மாலையைக் கழற்றாமலே அண்ணன் கூப்பிட்டார்.
"அவன் வீட்டில் அஞ்சு ஓட்டு.
ஆ எரடு யாரோ?"
நானூற்றுப் பன்னிரண்டு பேர் போட்ட மனிதருக்கு
அந்த இரண்டில் தூக்கம் போயிருந்தது.

இருமல் கேட்கும் வீடுகளாகப் பார்த்துப் போனேன்.
ஏரிப்பக்கம் பதினோரு வீடு.
"உங்களுக்குத்தான், சத்தியமா" என்று
இருமலுக்கு நடுவில் சொன்னார்கள்.
ஹொம்பாளம்மா கேட்காமலே கதவைச் சாத்தினாள்.

ஒயின்ஷாப் சுவரோரம்
பில்லாஞ்சினப்பாவின் பெரிய மகன் அழுதான்.
"மனைப் பத்திரத்துக்குக் கையெழுத்து வேணும்.
நான் அண்ணனுக்கே போட்டேன்,
அப்பாகிட்ட சொல்லிடாதே."
ஆக, மூன்று.

மருமகளின் ஓட்டு இன்னும் மாலூரில், தாய்வீட்டில்.
நான்கு.

மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.
"அவர் நின்னா வீடு நிக்குமா?
மைத்துனர் ஆளுங்க குக்கர் கொடுத்தாங்க,
பாரு, அடுப்புல இருக்கு."
ஐந்து.

தேடத் தேடக் கூடிக்கொண்டே போகிறார்கள்.
தெருவில் எதிரே வருகிறவர்களை
ஒரு நொடி அதிகமாகப் பார்க்கிறேன்.
அவர்களும் என்னைப் பார்க்கிறார்கள்.

அண்ணனிடம் சொன்னேன்:
"ரெண்டே பேர்தான்.
ஒருத்தர் போய்ச் சேர்ந்துட்டார்.
ஒருத்தர் ஹோசூர்ப் பக்கம் குடி போயிட்டார்."
அண்ணன் ஒரு டீ சொன்னார் எனக்கு.

சித்திரையில் வைத்த மை
நகத்தின் அடியிலிருந்து வாரத்துக்கு ஒரு நூல் ஏறி
ஆவணியில் நுனிக்கு வந்தது.
மதகின் மேல் உட்கார்ந்து வெட்டினேன்.
கறுப்பாக ஒரு துண்டு தெறித்து
எங்கே விழுந்தது என்று தெரியவில்லை,
கீழே அவ்வளவு குப்பை.
பின்னால் லாரி
ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.