இடம் மூன்று, மதகு, நம்பாதே

நில அளவைக் கந்தோரில் பகலெல்லாம்
மற்றவர்கள் அளந்த காணிகளுக்குக்
கோடு கீறிக்கொண்டிருந்தேன்.
ஒரு வெள்ளிக்கிழமை நீ உள்ளே வந்தாய்,
கையில் கிறீஸ், காதில் பென்சில்.
"கந்தளாய் றோட்டு வளைவெல்லாம் உங்களிட்டை இருக்கா?"
இருந்தது. தந்தால் வேலை போகும்.
தந்தேன்.

மெற்றில்டா,
அப்படித்தான் உன் இடப்பக்க இருக்கைக்கு வந்தேன்.
மடியில் கொப்பி, பல்லுக்குள் ரோர்ச்.
வலம் ஐந்து. நூறு யார்.
இடம் மூன்று, மதகு, நம்பாதே.
முறுகிய வளைவுக்கு ஒன்று, லேசானதற்கு ஆறு,
பார்வைக்கு நல்லதாய்த் தெரியும் இடத்துக்கு
நம்பாதே.
அந்தச் சொல் மட்டும் நீ தந்தது.

அறுபத்தெட்டு. முதல் ஓட்டம்.
பெயர் பதிகிற தொப்பிக்காரர்
"சாரதி எங்கே?" என்று உன் தோளுக்கு மேலால் பார்த்தார்.
நீயும் திரும்பிப் பார்த்தாய்.
நகரசபை மதிலோரம் ஒரு மான்
சுவரொட்டி தின்றபடி நின்றது.
"அதுக்கு லைசன்ஸ் இல்லை. எனக்கு இருக்கு."

அன்று நாங்கள் கடைசி.
சாம்பல்தீவுப் பாலத்தடியில் ரேடியேற்றர் கொதிக்க
மீன்பெட்டி ஐஸை அள்ளிப் போட்டோம்.
முடிவுக்கோடு மட்டும்
மொறிஸ் மைனர் சூடை மணத்தது.

எழுபது: பதினொன்றாம் இடம்.
எழுபத்தொன்று: ஊரடங்கு.
அடுத்த வருசம் கல்யாணம் பேசி வந்தவர்கள்
காரை விற்றுவிட்டு வரச் சொன்னார்கள்.
விற்றாய்,
சீதனத்துக்கென்று எடுத்துவைத்த தையல் மெசினை.
இரண்டு ரயர் வந்தது.

எழுபத்தைந்து, ஹபரணைக் காடு, இரவுக் கட்டம்.
முன்னால் போனவர்கள் எல்லோரும்
யானைக்கு நின்றார்கள். நீயும் நின்றாய்.
இதில் வீரம் ஒன்றும் இல்லை, யானை யானைதான்.
ஆனால் அது காட்டுக்குள் இறங்கியதும்
முதலில் கியர் போட்டவள் நீ.
நான் வாசிக்க வாசிக்கக் காடு வந்தது,
சொல் முந்தி, வளைவு பிந்தி.
விடியுமுன் சீனக்குடா எண்ணெய்க் குதங்களைக் கடந்து
ஆளில்லாத முடிவுக்கோட்டில் நின்றோம்.
நேரம் எழுதுபவர் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்.
அவர் ஓடிவந்து சேர்ந்த நேரத்தைத்தான் எழுதினார்,
நாற்பது செக்கன் நட்டம்.
அப்பவும் நாங்கள்தான் முதல்.

கிண்ணத்தில் உன் பெயருக்கு முன்னால்
"திரு" என்று பொறித்திருந்தார்கள்.
விரலால் தடவிப் பார்த்தாய்.
"திருகோணமலையில் முதல் இரண்டு எழுத்து,
இருக்கட்டும்."

பிறகு றோட்டுகள் எங்களுடையவை இல்லை.
மைல்கட்டைக்கு மைல்கட்டை மணல்மூட்டை.
ஒரு மாரி இரவு
பாலம்போட்டாறில் பிள்ளை குறுக்கே கிடந்த ஒருத்தியை ஏற்றினோம்.
லைற் போட்டால் சுடுவார்கள், யார் என்று தெரியாது.
நீ அணைத்தாய்.
கொப்பி வீட்டில்.
நான் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.
வலம் ஐந்து, நூறு யார், இடம் மூன்று.
பின்னிருக்கையில் அவள்
ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றாள்.
மந்திரம் என்று நினைத்தாளோ,
எங்களுக்கு வழி தெரியும் என்று நம்பினாளோ.
காவலரணில் உள்லைற்றைப் போட்டு
வெறுங்கை இரண்டையும் கண்ணாடிக்கு நேரே தூக்கிக் காட்டினாய்.
விட்டார்கள்.

அந்த ஓட்டத்துக்கு நேரம் எழுத ஆளில்லை.
பிள்ளை தங்கியது.
தாய் மூன்று நாள் இருந்தாள்.
நீ ஒரே ஒருமுறை கேட்டாய்,
"அந்த மதகிலை நான் பிறேக் பிடிச்சது கூடவோ?"
கொப்பியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
பார்க்கவில்லை.

இப்போது அந்த றோட்டு காப்பெற்.
மதகை நிமிர்த்திவிட்டார்கள்.
பஸ்ஸில் ஜன்னலோரம் நீ, எழுபத்தொன்பது வயது,
மடியில் மருந்துப் பை.
அந்த இடம் வர
வலது கால் தானாக எழும்பித்
தகரத்தை அழுத்துகிறது.
"அம்மா, இறக்கமோ?" என்கிறான் கொண்டக்டர்.
இல்லைத் தம்பி,
இன்னும் இருநூறு யார்.